பிள்ளைகளோடு கட்சிக் கூட்டம்: மாநாடா, சாலைப் பரப்புரையா, தெருமுனைக் கூட்டமா?

வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்றுதான் கட்சிகள் சனி, ஞாயிறு பார்த்துக் கூட்டம் போடுகின்றன. அன்றைக்குப் பள்ளியும் இல்லாததால் வேனில் பிள்ளைகளும் ஏறிவிடுகிறார்கள். வீட்டில் விட்டுவிட்டு வர ஆள் இல்லாத குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் மேடைப்பேச்சைக் கேட்டு வளர்வது நல்லது என்பதே எங்கள் கருத்து. ஆனால் எல்லாக் கூட்டமும் குழந்தைக்கு ஏற்ற கூட்டமல்ல. எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, நினைத்த நிமிடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியுமா என்பதை முதலில் பாருங்கள். தண்ணீர், நிழல், கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாலைப் பரப்புரை

தலைவர் பிரசார வேனில் வந்து, நாற்சந்தியிலோ பேருந்து நிலையத்தருகிலோ நிறுத்தி, கூரைமேல் ஏறிப் பேசும் கூட்டம் இது. வீட்டுக்குப் பக்கம், கிட்டத்தில் பார்க்கலாம், அரை மணியில் முடிந்துவிடும் என்று நம்பித்தான் கைக்குழந்தையோடு பலர் வருகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான்.

மாநாட்டுத் திடலில் மேடை ஓரிடத்தில் நிற்கிறது. இங்கே மேடையே கூட்டத்துக்குள் நகர்ந்து வருகிறது. வேன் ஊருக்குள் நுழையும்போதே பைக்குகளும் ஓடிவரும் தொண்டர்களும் பின்னால் சேர்ந்துகொள்கிறார்கள். மணிக்கணக்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்குள் இந்த இரண்டாவது கூட்டம் வந்து புகுகிறது. வேனுக்கு வழிவிட, நடுவில் நிற்பவர்கள் இருபுறமும் ஒதுங்க வேண்டும். ஒதுங்குகிற பக்கத்தில் இருப்பதோ இழுத்து மூடிய ஷட்டர், மதில், திறந்த சாக்கடை. முன்னால் நடப்பது பின்வரிசைக்குத் தெரியாததால் தள்ளுவது நிற்பதில்லை.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை ஆளுக்கு நகர இடம் இருக்கும். அதுவே ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலில் நிற்பதில்லை. எங்கோ விழும் ஒரு தள்ளு அப்படியே கடைசிவரை பரவும். நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டதால் நேர்வதில்லை. மார்பு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்துப் போகிறது. நான்கு வயதுப் பிள்ளையின் முகம் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கு நெரிசல் உறைக்கும் முன்பே அந்தப் பிள்ளைக்குக் காற்று போதாமல் போகிறது. அழுதாலும் ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காது.

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை, கரூர் வேலுசாமிபுரத்தில் நடந்த த.வெ.க. (தமிழக வெற்றிக் கழகம்) பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. நண்பகலிலேயே தலைவர் வருவார் என்று கூடியவர்கள் இரவு ஏழு மணிக்கு மேல்வரை காத்திருந்தார்கள். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் நின்ற உடம்பு தள்ளு வரும்போது சமாளிக்காது. மயங்கிச் சரிகிற ஒருவரால் அங்கே ஒரு பள்ளம் விழுகிறது, அடுத்தவர் அதில் சாய்கிறார். சாலைப் பரப்புரை எந்தக் கட்சியுடையதானாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், வேன் நிற்கப் போகும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, குறுக்குத் தெரு வாசலிலோ தெரிந்தவர் வீட்டு மாடியிலோ இருங்கள். தகரக் கூரை, கடைப் பந்தல், மரக்கிளையின் அடி ஆகியவை வேண்டாம். அவற்றின் மேல் ஆள் ஏறுவார்கள், பாரம் தாங்காமல் சரியும்.

மாநாடு

நெடுஞ்சாலையோரத் திடல், பெரிய மேடை, எல்இடி திரைகள், ஆட்களைப் பிரித்து உட்காரவைக்கக் கட்டை கட்டி அடைத்த பெட்டிகள், ஒதுக்கிவைத்த வாகன நிறுத்தம். நெரிசலை வைத்துப் பார்த்தால் சாலைப் பரப்புரையைவிட இது எவ்வளவோ மேல். ஓரமாக உட்கார்ந்தால் எழுந்து போக இடம் இருக்கிறது. இங்கே பிள்ளையை வாட்டுவது வெயிலும் தூரமும் நேரமும்தான்.

வேனை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க நேர்வது சாதாரணம். மூன்று வயதுப் பிள்ளை அதில் பாதிகூட நடக்காது, தூக்கத்தான் வேண்டும். தள்ளுவண்டி உழுத மண்ணிலும் ஜல்லியிலும் ஓடாது, நெரிசலில் மற்றவர்கள் காலில் சிக்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பை நல்லது. முதுகில் மாட்டினால் பின்னால் இருப்பவர் இடிப்பது உங்களுக்குத் தெரியாது. முதல் பேச்சு தொடங்கும் முன் கலைநிகழ்ச்சிகள், வரவேற்புகள், தீர்மானங்கள் எல்லாம் வரிசையில் இருக்கும். தலைவர் பேசுவது கடைசியில். அவர் முடித்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே சர்வீஸ் சாலைக்கு வரும். திடலைவிட்டு வெளியே வரவே இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆகவே பிள்ளையோடு போகிறவர்கள் தலைவர் பேச்சின் நடுவிலேயே கிளம்பிவிட வேண்டும். மனசு கேட்காதுதான், மிச்சத்தைப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டைப் பெட்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேடைக்கு நெருங்கிய பெட்டிக்குள் போனால் பின்னால் ஆள் நிரம்பியதும் வெளியே வர வழி அடைபடும். நடைபாதையை ஒட்டிய ஓர நாற்காலி, அதுவும் கடைசிப் பெட்டிகளில், திரை தெரிகிற கோணத்தில் கிடைத்தால் போதும். போனதும் பாதை எங்கே திறக்கிறது, முதலுதவிக் கூடாரம் எது, தண்ணீர்த் தொட்டி எது என்று ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். கூட்டம் சேர்ந்ததும் போன் சிக்னல் போய்விடும், ‘எங்கே இருக்கே’ என்று கேட்க முடியாது. சந்திக்கும் இடத்தை வாயாலேயே பேசி முடித்துவைக்க வேண்டும். அது நகராத இடமாக, வண்டியல்லாத ஒன்றாக இருக்கட்டும்.

கட்சியின் அறிவிப்பையும் படியுங்கள். 2024 அக்டோபரில் த.வெ.க.வின் விக்கிரவாண்டி மாநாட்டுக்கு முன் கர்ப்பிணிகள், சிறுவர் சிறுமியர், முதியவர்கள் நேரில் வர வேண்டாம் என்று அந்தக் கட்சித் தலைமையே கேட்டுக்கொண்டது. கூட்டம் போடுகிறவர்களே அப்படிச் சொன்னால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

தெருமுனைக் கூட்டமும் பொதுக்கூட்டமும்

வட்டச் செயலாளரோ ஒன்றியச் செயலாளரோ ஏற்பாடு செய்யும் மாலைக் கூட்டம்: சின்ன மேடை, நூறிருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், பக்கத்தில் டீக்கடை. தமிழ்நாட்டில் மேடைத்தமிழை வளர்த்தது இந்தக் கூட்டங்கள்தான். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு எங்கள் முதல் தேர்வும் இதுவே. வெயில் தாழ்ந்தபின் தொடங்குகிறது, நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம், கழிப்பறைக்கு வீடு இருக்கிறது. விதிப்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் முடிவு நேரமும் தெரியும். பேசுகிறவரின் முகம் தெரிகிறது. ‘தண்ணி வரி ஏன் ஏறுச்சு?’ என்று பிள்ளை கேட்டால் அங்கேயே பதில் சொல்லலாம்.

இங்கே கெடுப்பது சத்தம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒலி 100 டெசிபலைத் தொடும். அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனம் (NIOSH) பெரியவர்களுக்குச் சொல்லும் அளவுகோல்படியே அந்த அளவில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் ஐந்தாவது மீட்டரிலிருந்து இருபதாவது மீட்டருக்கு நகர்ந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். காதில் பஞ்சு வைப்பது பேருக்குத்தான். குழந்தைகளுக்கான காதுமூடி வாங்கிவையுங்கள். பேச்சாளர் வரும்போது சரவெடி கொளுத்துவார்கள், அப்போது பிள்ளை எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

பேரணி, போராட்டம்

பேரணியில் நடை தூரமும் வேகமும் உங்கள் கையில் இல்லை. ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம். உட்கார்ந்து நடக்கும் போராட்டம் குடும்பமாக இருக்க இதமாகத் தோன்றும், ஆனால் எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் அமைதியாக இருந்த இடம் 23ஆம் தேதி காலை தடியடிக் களமானது. போலீஸ் எண்ணிக்கை திடீரென்று கூடினாலோ கலைந்து போகச் சொல்லி மைக்கில் அறிவித்தாலோ, பிள்ளையோடு இருப்பவர்கள் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

கட்சி வேனா, சொந்த ஏற்பாடா

கட்சி வேனில் செலவில்லை, சாப்பாடும் தருவார்கள். ஆனால் கடைசி ஆள் வரும்வரை வேன் நகராது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். பிள்ளை இருந்தால் அரசுப் பேருந்திலோ சொந்த வண்டியிலோ போய், திடலுக்குச் சற்று முன்னால், ஊர் திரும்பும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள்.

ஒரு பிள்ளைக்கு அரை நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தனியாக வேண்டும். வழக்கமான பெரிய ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று முழுதாக ஒரு லிட்டருக்கு, உறையில் வேறு அளவு இருந்தால் அதன்படி. பெரிய பொட்டலத்தைக் கால் லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து கேடாகும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், பொடி இட்லியும் வாழைப்பழமும் தாங்கும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு தூங்கி வழிகிறது என்றால் கூட்டத்தை மறந்துவிட்டு நிழலுக்கு வாருங்கள், 108ஐ அழையுங்கள். கிளம்பும் முன் அன்றைய உடையோடு பிள்ளையைப் படம் எடுங்கள். உங்கள் எண்ணை முன்கையின் உட்புறம் அழியாத மையால் எழுதுங்கள். பிள்ளை தொலைந்தால் மேடை மைக்கைத் தேடி ஓடுவதோடு நிற்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள்.

பிள்ளையின் கையில் கொடி கொடுப்பதில் ஒரு விஷயம். தேர்தல் பரப்புரையில் குழந்தைகளைக் கோஷம் போடவோ, துண்டறிக்கை கொடுக்கவோ, எந்த வேலைக்குமோ பயன்படுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் மீண்டும் கண்டிப்பாகச் சொன்னது. பெற்றோரோடு வந்து, பரப்புரை வேலை எதிலும் சேராமல் இருப்பது குற்றமில்லை. யாராவது ‘மேடைக்குக் கொண்டுவாங்க’ என்றால் மறுத்துவிடுங்கள்.

எதிர்பாராமல் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பிள்ளையைத் தோள்மேல் ஏற்றாதீர்கள். நீங்கள் சரிந்தால் அது அவ்வளவு உயரத்திலிருந்து விழும், மேலே கம்பியும் கொடிக்கம்பும் வேறு. மார்பு உயரத்துக்குத் தூக்கி, முகம் உங்கள் தோளுக்கு மேலே வருமாறு பிடித்து, முழங்கைகளை முன்னால் மடக்கி அதன் மார்புக்கு இடம் விடுங்கள். கீழே விழுந்த செருப்பையும் போனையும் குனிந்து எடுக்க வேண்டாம். தள்ளு வரும்போது எதிர்த்து நிற்காமல் அதோடு போங்கள். அது தளரும் இரண்டொரு நொடிகளில் குறுக்காக, ஓரத்தை நோக்கி இரண்டடி வையுங்கள். அடுத்த தள்ளு தளர்ந்ததும் மறுபடி இரண்டடி, ஓரம் வரும்வரை.