கம்போடியால குழந்தைங்களுக்கு டீச்சரா கூட்டிட்டுப் போறோம்னு 1,68,000 ரூபாய் வாங்கிட்டாங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கோவம் இன்னும் அடங்கல, அதனால எழுத்து முன்னப்பின்ன இருந்தா கண்டுக்காதீங்க. வெளிநாட்டுல இல்லங்கள்ல இருக்கற, பெத்தவங்களை இழந்த ஏழைக் குழந்தைங்களுக்கு வாலண்டியர் டீச்சரா போலாம் வாங்கன்னு ஆள் சேர்க்கிற வெப்சைட் ஒண்ணு, பேர் போட்டா நோட்டீஸ் விடுவான்னு எங்க அண்ணன் சொல்றாரு அதனால பேர் போடல, அவங்ககிட்ட 1,68,000 ரூபாய் போச்சு. ஃப்ளைட் டிக்கெட் தனி. கடைசில என்னென்ன செக் பண்ணணும்னு ஒண்ணு விடாம எழுதறேன், அதுவரைக்கும் பொறுமையா படிங்க.

நான் ஈரோட்டுல ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல எல்கேஜி மிஸ். சம்பளம் 14,000. பெருக்கிப் பாத்துக்குங்க, அந்த 1,68,000 சரியா என் ஒரு வருஷ சம்பளம். சீட்டு எடுத்து, மிச்சத்துக்கு அண்ணன் கார்டைத் தேய்ச்சு கட்டினது. அவ்வளவு செலவு பண்ணி அங்க எதுக்கு போகணும்னு கேக்கறவங்களுக்கு, ரெண்டு காரணம். ஒண்ணு, வெளிநாட்டுல கிளாஸ் எடுத்த சர்டிபிகேட் இருந்தா இன்டர்நேஷனல் ஸ்கூல்ல, துபாய் பக்கம்லாம் கூட, கொஞ்சம் மதிப்பான்னாங்க. இன்னொண்ணு, நிஜமாவே ஆசை. பாதி சம்பளத்துக்கு வேலை பாத்தாலும் சின்னக் குழந்தைங்க நடுவுல உக்காந்தா எனக்கு நேரம் போறது தெரியாது. அந்த சைட்ல நேபாளம், தான்சானியா, கம்போடியான்னு நிறைய இருந்துச்சு, கம்போடியாதான் இருக்கறதுலயே கம்மி, அவங்க கெமர் மொழி எழுத்துக்கு மூலமே நம்ம பல்லவர் கால எழுத்துன்னு எங்கயோ படிச்சிருந்ததால ஒரு சொந்தம் மாதிரியும் தோணுச்சு.

அம்மா முதல்ல விடவே மாட்டேன்னுட்டாங்க. கம்போடியான்னாலே இங்க நியூஸ்ல வர்றது டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டுப் போயி பாஸ்போர்ட்டைப் புடுங்கி சைபர் மோசடி பண்ண வைக்கிற கதைதானே, நம்ம பசங்க எத்தனையோ பேர் மாட்டி தூதரகம் மூலமா திரும்பி வந்திருக்காங்க. நானும் கொஞ்சம் பின்வாங்கினேன். அப்பதான் அந்த சைட்டோட கோஆர்டினேட்டர் பொண்ணு ஒரு வீடியோ அனுப்பினா. மஞ்சள் சுவர், அதுல கையால வரைஞ்ச யானை, முன்னாடி பத்துப் பன்னெண்டு குழந்தைங்க, என் பேரை ஒரு அட்டைல எழுதிப் புடிச்சுக்கிட்டு "வணக்கம் டீச்சர், சீக்கிரம் வாங்க"ன்னு தமிழ்ல சொல்லுதுங்க. தமிழ்ல! உச்சரிப்பு தப்புத்தப்பா, அதனாலயே இன்னும் உருகிப் போச்சு. அம்மா அந்த வீடியோவை திருப்பித் திருப்பி பாத்துட்டு "போயிட்டு வா சாமி, புண்ணியம்"னாங்க. அன்னைக்கு ராத்திரியே பணம் போச்சு.

பில்லையும் சொல்லிடறேன். நாலு வாரத்துக்கு ப்ரோக்ராம் ஃபீஸ் 1,450 டாலர், பள்ளி வளர்ச்சி நன்கொடை 300, குழந்தைப் பாதுகாப்பு பேக்ரவுண்ட் செக் 100, ஏர்போர்ட் பிக்கப்பும் ஓரியன்டேஷனும் 100. மொத்தம் 1,950 டாலர். கார்டு கமிஷன், பேங்க் சார்ஜ் எல்லாம் சேந்து நம்ம காசுக்கு 1,68,000. இதுல அந்த 300 நன்கொடையை மட்டும் கார்டுல கட்டாதீங்க, கார்டு கம்பெனிக்கு கமிஷன் போனா அது குழந்தைங்க சாப்பாட்டுக் காசு, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கன்னா. எவ்வளவு அக்கறை பாருங்க.

ஏப்ரல் ரெண்டாவது வாரம், கோலாலம்பூர் வழியா கம்போடியாவுல சியம் ரீப்ங்கற ஊர்ல எறங்கினேன். விசா டூரிஸ்ட் விசாவே போதும், இமிகிரேஷன்ல கேட்டா சும்மா அங்கோர்வாட் பாக்க வந்தேன்னு சொல்லுங்கன்னு மெயில்லயே எழுதியிருந்தாங்க (30 டாலர், அதுவும் நம்ம கைக்காசு). பிக்கப்புக்கு ஆள் வரல. 2023ல திறந்த புது ஏர்போர்ட் ஊர்லேர்ந்து ரொம்ப தூரம், ராத்திரி நேரம், டாக்ஸிக்கு 35 டாலர் குடுத்து போய்ச் சேந்தேன். ஓரியன்டேஷன்னா என்ன தெரியுமா, வைஃபை பாஸ்வேர்டு எழுதின ஒரு பேப்பர்.

மறுநாள் காலைல கிளாஸ் ரூமுக்குப் போறேன், அந்த மஞ்சள் சுவர், யானை எல்லாம் இருக்கு. குழந்தைங்க பை கட்டிட்டு நிக்குதுங்க. வாசல்ல வரிசையா பைக், அதுல அம்மாங்க, பாட்டிங்க, ஒரு அப்பா. ஒவ்வொருத்தரா தூக்கி வச்சுட்டு கிளம்பறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. அங்க கெமர் டீச்சர் ஒரு அக்கா, அவங்க போன்ல டிரான்ஸ்லேட் பண்ணி காட்டினாங்க, "புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகிறார்கள்". நமக்கு சித்திரை ஒண்ணு வர்ற அதே சமயம்தான் அவங்களுக்கும் வருஷப்பிறப்பு, ஏப்ரல் 14ஐ ஒட்டி நாடே லீவு, கிராமத்துக்குப் போனவங்க ஒரு வாரத்துக்கு மேலயே திரும்ப மாட்டாங்க. வெப்சைட்ல எனக்கு தேதி போட்டுக் குடுத்தவங்களுக்கு இது தெரியாதா? அந்த ஊர்ல ஆபீஸ் இருக்குன்னு போட்டிருக்கான்!

அதை விடுங்க. பெத்தவங்களை இழந்த குழந்தைங்கன்னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க? வீட்டுக்குப் போகுதுன்னா யார் வீட்டுக்கு? அந்த அக்கா சிரிக்கவும் இல்ல, ஆச்சரியப்படவும் இல்ல. வந்தப்புறம் தேடிப் படிச்சேன், இது அந்த ஒரு இடத்து கதை மட்டும் இல்லையாம். 2017ல கம்போடியா அரசாங்கமே வெளியிட்ட கணக்குல 406 இல்லங்கள்ல 16,579 குழந்தைங்க, அதுல பெரும்பாலான குழந்தைங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருக்காங்க. வறுமைல இருக்கற குடும்பத்துகிட்ட, உங்க பிள்ளைக்கு இங்கிலீஷ், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீன்னு சொல்லி வாங்கிட்டு வந்து டவுன்ல டூரிஸ்ட் வர்ற இடத்துல வச்சுடறாங்க. எங்கள மாதிரி ஆளுங்க வரவர இல்லம் பெருகும். 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தன சட்டம் கொண்டு வந்தப்பவே இந்த விஷயம் அதுல பேச்சுக்கு வந்திருக்கு. குழந்தைங்க டூரிஸ்டுங்களுக்கான காட்சிப் பொருள் இல்லன்னு கம்போடியாலயே வருஷக்கணக்கா பிரசாரம் நடக்குது. இவ்வளவும் அந்த சைட்காரனுக்கு தெரியாதுன்னு சொன்னா என் எல்கேஜி பசங்க கூட நம்பாது.

லீவு முடிஞ்சு குழந்தைங்க வந்துச்சு. ஒரு டீச்சரா எனக்கு தூக்கிவாரிப் போட்டது அப்பதான். நம்ம ஊர்ல ஜூன் மாசம் எல்கேஜில புதுசா சேர்ற குழந்தை எப்படி இருக்கும்? ஒரு வாரம் அழும், அம்மா முந்தானையை விடாது, மிஸ்ஸைப் பாத்தாலே ஒளியும். அதுதான் நார்மல். இங்க நான் தரையில உக்காந்த அடுத்த நிமிஷம் மூணு குழந்தைங்க மடில ஏறிக்கிச்சு, கழுத்தைக் கட்டிக்கிச்சு, என் பேர் கூட தெரியாது. மத்த வாலண்டியருங்க "ஸோ ஸ்வீட்"னு போட்டோ எடுக்கறாங்க, எனக்கு வயித்தைப் பெசையுது. வாராவாரம் ஒருத்தர் வந்து கொஞ்சிட்டுப் போயிட்டே இருந்தா அந்தக் குழந்தை யார்கிட்டதான் ஒட்டும்? நான் ஈரோட்டுலேர்ந்து சொந்தமா செஞ்சு எடுத்துட்டுப் போன ஃப்ளாஷ் கார்டை எடுக்கறதுக்குள்ள "ரெட், ப்ளூ, க்ரீன்"னு கத்துதுங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் புது ஆள், ஒவ்வொரு ஆளும் கலர்லேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க. பாடம் முடிஞ்சதும் யாரும் சொல்லாமயே போட்டோவுக்கு வரிசைல வந்து நிக்குதுங்க. அந்த கெமர் அக்கா, குழந்தைங்க மொழி தெரிஞ்ச ஒரே டீச்சர், பின்னாடி நின்னு சேர் எடுத்துப் போடறாங்க.

100 டாலர் வாங்கின பேக்ரவுண்ட் செக்? நான் பாஸ்போர்ட் ஆபீஸ்ல 500 ரூபாய் கட்டி போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு போயிருந்தேன், அதை கையில வாங்கிப் பாக்க ஒரு ஆள் இல்ல. ரோட்டுல போற எவன் வேணா உள்ள வரலாம், வர்றான், சாயங்காலம் டான்ஸ் பாக்கறேன்னு டூரிஸ்ட் வேன்லயே வர்றான். பெண் குழந்தைங்க இருக்கற இடம். இதை நெனச்சாதான் 1,68,000 போனது கூட ரெண்டாம்பட்சமா தெரியுது.

நன்கொடை? அந்த இடத்தைப் பாத்துக்கறவர்கிட்ட கேட்டேன். வெப்சைட்லேர்ந்து வாலண்டியருக்கு வாரம் 40 டாலர் வரும், அது உங்க சாப்பாட்டுக்கே சரியாப் போகுதுன்னாரு. 300 டாலர் நன்கொடைன்னதும் மனுஷன் என்னை விட அதிர்ச்சியாயிட்டாரு. கூட இருந்த ஸ்பெயின் பையன் அவன் போன்ல வந்த வீடியோவைக் காட்டினான், அதே சுவர், அதே குழந்தைங்க, அதே வரிசை, ஸ்பானிஷ்ல வணக்கம்.

அங்கயிருந்தே ரீஃபண்ட் கேக்க ஆரம்பிச்சேன். வீடியோ அனுப்பின அந்த கோஆர்டினேட்டர் அதுவரைக்கும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெசேஜ் போட்டாலும் பதில் போடுவா. ரீஃபண்ட்ங்கற வார்த்தைக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். அப்புறம் அவ வேற டிபார்ட்மென்ட் போயிட்டாளாம், சப்போர்ட்டுக்கு எழுதுங்கன்னாங்க. சப்போர்ட்ல ஒரு டிக்கெட் நம்பர். உங்க கருத்து எங்களுக்கு மிக முக்கியம். அப்புறம் இது லோக்கல் பார்ட்னர் விஷயம், நாங்க இணைப்பு மட்டும்தான் ஏற்படுத்தறோம்னு ஒரு மெயில். அப்ப 1,450 டாலர் எந்த இணைப்புக்கு? லீவுல போன நாளுக்காவது குடுங்கன்னா, புத்தாண்டு என்பது ஒரு கலாச்சார அனுபவம், அதுவும் ப்ரோக்ராம்ல அடக்கம்னு பதில். 300 டாலரைக் கேட்டா நன்கொடைக்கு ரீஃபண்ட் கிடையாது, விதிமுறை பாருங்க. எதுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணச் சொன்னான்னு இப்ப புரியுதா? கார்டுல கட்டின பாகத்துக்கு அண்ணன் பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டாரு, பேங்க்காரங்க அந்த சைட்காரன்கிட்ட கேட்டாங்க, அவன் நான் குழந்தைங்களோட நிக்கற போட்டோவை அனுப்பி சர்வீஸ் குடுத்தாச்சுன்னுட்டான்.

கடைசியா பெருந்தன்மையா ஒரு கூப்பன் அனுப்பியிருக்கான், அடுத்த ட்ரிப்புக்கு 15 சதவீதம் தள்ளுபடி, தான்சானியா போறீங்களான்னு. ஒரு ஸ்டார் போட்டு நான் எழுதின ரிவ்யூ இன்னும் பரிசீலனைல இருக்காம், ஆனா என் போட்டோ மட்டும் அவங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல விளம்பரமா ஓடுது, மடில அந்தக் குழந்தையோட. எடுங்கன்னா நீங்க சம்மதக் கையெழுத்து போட்டிருக்கீங்கங்கறான். சர்டிபிகேட் வந்துச்சு, அதையும் சொல்லணும்ல. நாலு வாரம் முடியறதுக்கு முன்னாடியே பிடிஎஃப் வந்துடுச்சு, 120 மணி நேரம் கிளாஸ் எடுத்தேனாம்.

செக் லிஸ்ட் எழுதறேன்னு சொன்னேன், கை வலிக்குது, சுருக்கமா சொல்லிடறேன். போலீஸ் கிளியரன்ஸ் கேக்காம குழந்தைங்ககிட்ட விடற இடத்துக்கு போகாதீங்க. ஒரு வாரம் ரெண்டு வாரம்னு ஆள் எடுக்கற இடத்துக்கு போகாதீங்க. டூரிஸ்ட் விசால வந்து பொய் சொல்லுங்கன்னா அங்கயே நிறுத்திடுங்க, மாட்டினா நீங்கதான் மாட்டுவீங்க. நன்கொடைன்னு தனி பில் போட்டு டிரான்ஸ்ஃபர் கேட்டா கட்டாதீங்க. அந்த ஊர் ஸ்கூல் லீவு எப்பன்னு பாருங்க. ஏற்கனவே கட்டிட்டு இன்னும் கிளம்பாதவங்க இருந்தா இன்னைக்கே கார்டு பேங்க்குக்கு போன் பண்ணுங்க, ஏர்போர்ட்ல எறங்கிட்டீங்கன்னா அப்புறம் சர்வீஸ் குடுத்தாச்சும்பான்.