சுதி போட ஆளில்லாத இசைத்தட்டு

தி பிளாக் கீஸ் என்னும் அமெரிக்க இருவர் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'திக்ஃப்ரீக்னஸ்' (2003), எல்.பி. இசைத்தட்டாகச் சென்ற மாதம் கும்பகோணத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இணையத்தில் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். உறையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. பெட்டிக்குள் தடுப்பு அட்டை வைக்க அவருக்குத் தோன்றவில்லை. தட்டில் வளைவோ கீறலோ இல்லாததால் திருப்பி அனுப்பவில்லை.

கிட்டாரும் பாட்டும் டேன் ஆவர்பாக். டிரம்ஸ் பாட்ரிக் கார்னி. இருவரும் டயர்த் தொழிலால் பெயர்பெற்ற ஒஹாயோ மாநிலத்து ஏக்ரான் நகரில், ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். 2001இல் ஆவர்பாக் மாதிரிக்குச் சில பாட்டுகளைப் பதிவு செய்ய விரும்பி, ஒலிப்பதிவுக் கருவிகள் வைத்திருந்த கார்னியை அணுகினார். உடன் வாசிக்க வேண்டியவர்கள் அன்று வராமல் போகவே, இருந்த இருவரும் வாசித்துப் பார்த்ததுதான் குழுவின் தொடக்கம். முதல் ஆல்பம் 2002இல் வந்தது. பிறகு மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஃபேட் பாசம் என்னும் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்து கொடுத்த சிறு முன்பணம் வீட்டு வாடகைக்கே போய்விட்டதால், ஸ்டுடியோ எடுக்க வழியின்றி, கார்னியின் வீட்டு நிலவறையில், 1980களைச் சேர்ந்த டாஸ்காம் எட்டுத் தட நாடாக் கருவியில் இந்த இரண்டாவது ஆல்பத்தைத் தாங்களே பதிவு செய்தார்கள். 2002 டிசம்பரில், ஏறத்தாழ முழுவதும் பதினான்கு மணி நேரத்தில் முடிந்த வேலை அது. இவர்கள் வாசிக்கும் கராஜ் ராக் என்ற இசை வகையின் பெயருக்கே கார் நிறுத்தும் கொட்டகையில் பழகிய இசை என்றுதான் பொருள். இவர்களுக்குக் கொட்டகைக்குப் பதில் நிலவறை வாய்த்தது.

அந்த அவசரமும் அந்த அறையும் தட்டில் அப்படியே கேட்கின்றன. கிட்டார் கரகரவென்று கிழிகிறது. ஆவர்பாக்கின் குரல், திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருவதைப் போலச் சற்று அடைத்தும் சற்று உடைந்தும் ஒலிக்கிறது. துல்லியமான ஒலிப்பதிவைத் தேடுபவர்கள் இதை வாங்க வேண்டாம்.

முதல் நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டில் இருக்கும் வயதான தவில் வித்வான் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பாட்டுகள் வரை பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் தம்பி, சுதி போட ஆளே இல்லையா?" என்று கேட்டார். இந்தக் குழுவில், கீழ் ஸ்வரங்களைத் தாங்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லை என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் இல்லாமல், சுருதிப் பெட்டியும் இல்லாமல் வாசிக்கச் சொன்னால் நம் ஊரில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதற்கான விடை, தட்டிலுள்ள பதினோரு பாட்டுகளில் ஒன்றான 'எவ்ரிவேர் ஐ கோ'வில் எனக்குக் கிடைத்தது. அது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பேர்பெற்று 1998இல் மறைந்த மிசிசிப்பிக் கலைஞர் ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டு. (ப்ளூஸ் என்றாலே மிசிசிப்பி டெல்டா என்று கேட்டுப் பழகிய காவிரி டெல்டாக்காரன் என்ற முறையில் எனக்குச் சிறு ஏமாற்றம்: கிம்ப்ரோ டெல்டாவைச் சேர்ந்தவர் அல்லர், அதற்குக் கிழக்கே உள்ள மேட்டு நிலத்துக்காரர்.) அந்த மேட்டு நில ப்ளூஸ், வழக்கமான ப்ளூஸைப் போல மூன்று கார்டுகளுக்கு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்கு) இடையே நகர்வதில்லை. பெரும்பாலும் ஒரே கார்டில் நின்று, அதே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. கிட்டாரின் கீழ்க்கம்பிகள் விடாமல் முழங்குவதால் ஒத்து கருவிக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. தனியாக ஓர் ஆள் தேவைப்படுவதில்லை. இருவர் மட்டும் வாசிப்பதற்கு இவர்கள் இந்த மரபைப் பிடித்துக்கொண்டது ஆவர்பாக்கின் ரசனையால் நேர்ந்ததுதான் என்றாலும், வேறு எந்த மரபைப் பிடித்திருந்தாலும் அந்த நிலவறையில் ஒரு வெறுமை கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கார்னியின் டிரம்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். விரல்களில் கூடு மாட்டிய வலக்கையும் கழி பிடித்த இடக்கையும் இரண்டு ஆட்களைப் போலப் பேசும் தவிலைக் கேட்டு வளர்ந்த காது, இதில் கோர்வை, மோரா போன்ற தாளக் கணக்குகளைத் தேடினால் ஏமாறும். இது கணக்கு வாசிப்பு அல்ல. 'செட் யூ ஃப்ரீ' போன்ற வேகப் பாட்டுகளில் கார்னி கிட்டாரின் சொற்றொடரை அப்படியே தொடர்ந்து அடித்து, அதற்குக் கனம் கூட்டுகிறார். அவர் சற்று முந்தும்போது ஆவர்பாக்கும் உடன் முந்துகிறார். திருத்தியிருக்கலாம், திருத்தாமல் விட்டது நல்லது.

குறைகளும் உண்டு. நடுவிலுள்ள மூன்று நான்கு பாட்டுகள் ஒரே நடையிலும் ஒரே கரகரப்பிலும் வருவதால், எது எங்கே முடிந்தது என்பது நான்காம் முறை கேட்கும்போதும் எனக்குக் குழம்புகிறது. பாட்டு வரிகளில் காதல் வருத்தத்தைத் தவிர அதிகம் இல்லை. கடைசிப் பாட்டான 'ஐ க்ரை அலோன்' மட்டும் இரைச்சலைக் குறைத்து அடங்கி ஒலிப்பதால், அதுபோல இன்னும் ஒன்று இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கைவிடப்பட்ட டயர்த் தொழிற்சாலை ஒன்றில் 2004இல் இவர்கள் பதிவு செய்த அடுத்த ஆல்பமான 'ரப்பர் ஃபேக்டரி'யில் பாட்டுகள் இதைவிட நன்றாக அமைந்திருக்கின்றன. ஆயினும் ஒரே தட்டு வாங்கப் பணம் உள்ளவருக்கு நான் 'திக்ஃப்ரீக்னஸ்'ஸையே சொல்வேன். கைபேசியின் ஒலிபெருக்கியில் கீழ்க்கம்பிகளின் முழக்கம் தொலைந்துவிடுவதால், ஓரளவு பெரிய ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் உறையைப் பிளாஸ்டிக் மேலுறைக்குள் இட்டு, தட்டை நிமிர்த்தி வையுங்கள். என் பழைய தட்டுகள் இரண்டில் பூஞ்சை பிடித்தது அந்த மாதத்தில்தான். தவில் வித்வான் மறுநாளும் வந்து, கிம்ப்ரோ பாட்டை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.