எல்.எஸ்.சி.எஃப். 6428 கேத்தோடு தூள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எரிபொருளிலிருந்து உயர் வெப்பத்தில் நேரடியாக மின்சாரம் தரும் திட ஆக்சைடு எரிபொருள் கலங்களின் காற்றுப் பக்க மின்வாய்க்காக (கேத்தோடு) எங்கள் ஆய்வகம் வாங்கிய லாந்தனம் ஸ்ட்ரான்சியம் கோபால்ட் ஃபெரைட் (எல்.எஸ்.சி.எஃப்.) தூளில் இதுவரை இரண்டு புட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம். 6428 என்ற எண், லாந்தனம் 0.6, ஸ்ட்ரான்சியம் 0.4, கோபால்ட் 0.2, இரும்பு 0.8 என்னும் விகிதத்தைக் குறிக்கிறது.

முன்பு நாங்கள் நம்பியிருந்த லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட்டு, எலக்ட்ரான்களை நன்றாகக் கடத்தினாலும் ஆக்சைடு அயனிகளை ஏறத்தாழக் கடத்துவதே இல்லை. அதனால் மின்வாய், மின்பகுளி, காற்று ஆகிய மூன்றும் சந்திக்கும் விளிம்பில் மட்டுமே வினை நடக்கும், 800 டிகிரி செல்சியசுக்குக் கீழே கலம் சோர்ந்துவிடும். இந்தத் தூளோ இரண்டையும் கடத்துவதால், துகள்களின் மேற்பரப்பே வினைக்களமாக மாறுகிறது. 600 டிகிரியை ஒட்டி இதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 300 சீமென்ஸ் வரை எட்டும். அதற்கு மேல் சூடேறும்போது படிகத்திலிருந்து ஆக்சிஜன் வெளியேறி, மின்னூட்டம் சுமக்கும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்) குறைவதால், அது மெல்ல இறங்கும். 700 டிகிரியில் இந்த மின்வாய் தந்த மின்னோட்டம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி அளித்தது.

ஆனால், நிலைத்தன்மையை இந்தத் தூளிடம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. நேரம் மிச்சமாகும் என்று எண்ணி, ஒரு முறை இரண்டையும் பிரித்து வைக்கும் சீரியா (சீரியம் ஆக்சைடு) இடைப்படலம் இல்லாமல், மின்பகுளியான இட்ரியா கலந்த சிர்க்கோனியா வில்லைகளின் மீதே தூளை மையாக்கி நேரடியாக அச்சிட்டு 1100 டிகிரியில் சுட்டோம். ஸ்ட்ரான்சியம் சிர்க்கோனியாவோடு சேர்ந்து, மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்ட்ரான்சியம் சிர்க்கனேட்டாக மாறிவிட, தடை கூடியதைக் காட்டும் வகையில் மின்மறுப்பு வரைபடத்தின் அரைவட்டங்கள் பெரிதாக வீங்கி நின்றன. அதே வில்லைகளில் ஒன்றின் மீது ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தபோது, கரிய படலத்தின் ஓரம் செதில்செதிலாக அதனுடன் வந்துவிட்டது. சிர்க்கோனியாவின் வெப்ப விரிவுக் குணகம் கெல்வினுக்குச் சுமார் 10.5 மைக்ரோ என்றால், இதற்கு 15-க்கும் மேல். குளிரும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. கடோலினியம் கலந்த சீரியாவை இடைப்படலமாக இட்டு, தூளிலும் அதையே சரிபாதி எடைக்குக் கலந்த பிறகு, இவ்விரு தொல்லைகளும் பெருமளவு அடங்கின.

இன்னொரு எச்சரிக்கை குரோமியம் பற்றியது. கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளிலிருந்து ஆவியாகும் குரோமியம், மேற்பரப்புக்கு வந்து சேரும் ஸ்ட்ரான்சியத்தோடு வினைபுரிந்து, மஞ்சள் நிற ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகப் படிகிறது. தகடுகளுக்கு குரோமியத்தைத் தடுக்கும் மாங்கனீசு கோபால்ட் ஸ்பைனல் (ஒருவகை ஆக்சைடு) பூச்சு இல்லாமல் நீண்ட சோதனையைத் தொடங்குவது வீண் வேலை.

தூளின் தூய்மையில் எனக்குக் குறை இல்லை. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் இந்தப் பொருளுக்கே உரிய பெரோவ்ஸ்கைட் படிகக் கட்டமைப்பு ஒன்றே தெரிந்தது. என் வருத்தம் துகள் அளவில்தான். முதல் புட்டியின் தூள் கரண்டியில் மென்மையாக ஒட்டியது. டெர்பினியாலும் எத்தில் செல்லுலோசும் சேர்த்த அச்சு மை நாள்கணக்கில் அடியில் தங்காமல் நின்றது. இரண்டாம் புட்டியின் மையோ ஒரே இரவில் அடியில் தங்கிவிட, எத்தனாலில் சிர்க்கோனியா உருண்டைகளோடு மறுபடி அரைக்க வேண்டியதாயிற்று. விற்பனையாளர் தந்த தரச்சான்றில் மட்டும் இரண்டு புட்டிகளுக்கும் ஒரே எண்கள்தான் அச்சிடப்பட்டிருந்தன.

சீரியாப் படலம் இடும் வசதி உள்ள ஆய்வகங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாம் புட்டியையும் வாங்கவே போகிறோம். அந்தத் தொகுதிக்கென்றே அளந்த துகள் அளவுப் பரவலைக் கேட்டுப் பெற்ற பின்னரே இம்முறை பணம் செலுத்துவோம்.