ஊட்டி உயரத்தில் 4 மி.மீ. ரெப்கோ டேப்: மதிப்புரை

காந்தச் சுருள் சுற்றுவதற்கென்று விற்கப்படும் மீகடத்தி டேப் இது; கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும். ரெப்கோ என்பது அருமண், பேரியம், செம்பு ஆக்சைடு சேர்ந்த பொருள். தடிமன் சுமார் 0.1 மி.மீ.: நடுவில் 50 மைக்ரான் ஹாஸ்டெல்லாய் (நிக்கல் உலோகக் கலவை), இருபுறமும் 20 மைக்ரான் செம்பு. ஹாஸ்டெல்லாயின் ஒரு முகத்தில் மட்டும் இருக்கும், மின்னோட்டத்தைச் சுமக்கும் ரெப்கோ படலம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். கொடுக்கிற காசெல்லாம் அதற்கே.

மின்தடை தலைகாட்டாமல் டேப் சுமக்கும் உச்ச மின்னோட்டம், 77 கெல்வினில் (கடல்மட்டத்தில் திரவ நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை) 100 ஆம்பியர் என்று சான்றிதழில் போட்டிருந்தால், ஊட்டியில் அதே துண்டு 110-ஐத் தாண்டும். டேப் உசத்தி என்று மகிழ வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 770 மில்லிபார். திறந்த பாத்திரத்தில் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 75 கெல்வினிலேயே கொதித்துவிடுகிறது. மீகடத்தல் முடியும் எல்லை 92 கெல்வின் பக்கத்தில் இருப்பதால், இரண்டு கெல்வின் இறங்கினாலே இவ்வளவு வித்தியாசம். கொடைக்கானலிலும் அப்படித்தான். மலையில் அளந்த எண்ணை நம்பி வடிவமைத்த சுருள் கோவையில் குவென்ச் ஆகும், அதாவது மீகடத்தல் திடீரென அறுந்து சுருள் சூடேறும். பிளாட்டினம் சென்சார் காட்டும் வெப்பநிலையையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

அந்த 100 ஆம்பியரும் நேரான துண்டுக்குத்தான். சுருளில், டேப்பின் முகத்துக்குச் செங்குத்தாக விழும் காந்தப்புலம் அரை டெஸ்லா இருந்தாலே பாதிக்கும் கீழே போய்விடும். தட்டையாகச் சுற்றிய பான்கேக் சுருள்களை அடுக்கும்போது, அடுக்கின் இரு கோடியிலும் உள்ளவற்றில்தான் அந்தப் புலம் அதிகம். ரோலில் சிறந்த நீளத்தை அங்கே ஒதுக்குங்கள். வாங்கும்போது சராசரியைக் கேட்காதீர்கள், நீளவாக்கு அளவீட்டில் மிகக் குறைந்த புள்ளியைக் கேளுங்கள்.

இழுவைக்கு டேப் நன்றாகவே தாங்குகிறது. உரிவதில்தான் மோசம். எபாக்சி ஊற்றிச் சுற்றினால், குளிரும்போது அது உலோகத்தைவிட அதிகம் சுருங்கி, வாழைமட்டை நார்போலப் படலத்தைப் பிய்த்துவிடும். பாரஃபின் மெழுகு போதும், அல்லது எதுவும் ஊற்றாத உலர்சுற்று. 30 மி.மீ. விட்டத்துக்குக் கீழே வளைக்காதீர்கள்; படலம் உள்பக்கம் இருக்கட்டும்.

இணைப்புக்கு 118 டிகிரியில் உருகும் இந்தியம்-வெள்ளீய சால்டர் நல்லது. படலப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஹாஸ்டெல்லாய் குறுக்கே வந்தால் மின்தடை ஏறும். இருபக்கமும் ஒரே செம்பு நிறம் என்பது பெரிய குறை, வெட்டும்போதே மார்க்கரால் குறியிடுங்கள். 350 டிகிரி சால்டரிங் அயர்னை வைத்து நிதானமாகத் தேய்த்தால் படலத்திலிருந்து ஆக்சிஜன் வெளியேறும், அந்த இடம் வீண்.

மூடுபனி இன்னொரு தொல்லை. வெட்டிய முனைகளில் படலம் திறந்திருக்கும், ஈரம் அதைக் கெடுக்கும். முனைகளைச் சால்டரால் மூடுங்கள். திரவ நைட்ரஜன் குளியலிலிருந்து எடுத்த சுருளை பாலிதீன் பைக்குள் உலர் நைட்ரஜன் விட்டு அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மாட்டு விந்து வைக்கும் குறுங்கழுத்து டிவார் (வெப்பம் புகாத வெற்றிடக் குடுவை), நைட்ரஜனைக் கொண்டுவரத்தான் உதவும். சுருள் அதற்குள் நுழையாது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகி மூச்சுக்காற்றை விரட்டிவிடும். ஆகவே எவ்வளவு குளிரானாலும் ஜீப் ஜன்னலைத் திறந்தே மலையேறுங்கள்.

காந்தம் மிதப்பதைக் காட்ட மட்டும் என்றால் இந்த டேப் வேண்டாம், வட்ட வில்லையாக வரும் கட்டி மீகடத்தியே போதும். சுருள் சுற்றுபவர்கள் ஒவ்வொரு பான்கேக்குக்கும் தனி வோல்ட்டேஜ் டாப் (வோல்ட்டேஜ் அளக்கும் கம்பி) எடுங்கள். இதில் குவென்ச் மெதுவாகவே பரவும். மொத்த வோல்ட்டேஜில் தெரிவதற்குள் ஓரிடம் கருகியிருக்கும்.