பசங்க, வொண்டர்: எதை முதலில் போடலாம்?

பள்ளிக்கூடச் சீண்டலைப் பற்றி வீட்டில் பேச ஒரு படம் வேண்டுமென்றால் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். பாண்டிராஜின் ‘பசங்க’ (2009), ஸ்டீபன் சபாஸ்கியின் ‘வொண்டர்’ (2017).

வொண்டரின் நாயகன் ‘ஆகி’ (Auggie) என்ற பத்து வயதுப் பையன், பிறவியிலேயே முகம் மாறுபட்டவன். 27 அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறான். கூடப் படிக்கும் ஜூலியன் சீண்டுகிறான். ஜூலியனின் அம்மாவோ வகுப்புப் புகைப்படத்திலிருந்து ஆகியை அழித்துவிடுகிறார்! ஆனால் படத்தின் உயிர் அக்கா வியாதான். தம்பிக்கே எல்லா கவனமும் போய்விட்ட வீட்டில் சத்தமில்லாமல் வளர்ந்தவள். கதை அவள் பக்கம் திரும்பும் இடம் அருமை.

பசங்க புதுக்கோட்டைப் பக்கத்துக் கதை. ‘அன்புக்கரசு ஐ.ஏ.எஸ்.’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் புதுப்பையனை, கூடப் படிக்கும் ஜீவாவுக்கு ஆகவே ஆகாது. இத்தனைக்கும் ஜீவாவின் அப்பா அதே பள்ளி வாத்தியார். அன்பு வீட்டிலோ அப்பா அம்மா ஓயாமல் சண்டை. அந்த வாத்தியாரே அன்புவின் அப்பாவிடம் பேசும் காட்சி ஒன்று உண்டு. பிள்ளைகளைவிடப் பெற்றோர் பார்க்க வேண்டியது அது. நடுவில் வரும் காதல் கிளைக்கதை கொஞ்சம் நீளம், சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

வொண்டரின் வீடு அன்பானது, பிரச்சினை வெளியே. பசங்கவில் வீடே பிரச்சினை. அதனால் எங்கள் வீட்டில் என்றால் முதலில் பசங்கதான். தோற்றத்துக்காகக் கிண்டல்படும் பிள்ளை என்றால் மட்டும் வொண்டர்.