பாக்ஸ்டனா, சார்ல்டனா? காட்டு மனை வாங்கப்போய் மண் பார்த்த கதை

மாசசூசெட்ஸில் வூஸ்டர் கவுண்டிப் பக்கம் வீடு கட்ட மனை தேடியபோது கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. இரண்டும் காடு. ஒன்றின் மண் பாக்ஸ்டன், மற்றதன் மண் சார்ல்டன். இரண்டுமே அந்தக் கவுண்டியில் உள்ள ஊர்களின் பெயர்கள். மண் வகைக்கு ஊர்ப்பெயர் வைப்பது அமெரிக்காவில் வழக்கம். பாக்ஸ்டனுக்கு மாசசூசெட்ஸின் அடையாளமாக ‘மாநில மண்’ என்ற பட்டம் வேறு உண்டு. நாங்கள் வாங்கியது சார்ல்டன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

மேலே நின்று பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதே ஓக், மேப்பிள், வெள்ளைப் பைன். காலடியில் இலைச்சருகு, அதன் கீழே கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு, அப்புறம் பழுப்பு நிறத்தில் மணல் கலந்த மண். இரண்டும் புளிப்பு மண்; காய்கறி போட வேண்டுமென்றால் சுண்ணாம்பு சேர்த்தே ஆக வேண்டும். இரண்டிலும் கல். எங்கள் மச்சினன் முதல் தடவை வந்து பார்த்துவிட்டு, “என்ன மாமா, கல்லுக்கா காசு கொடுத்தீங்க?” என்றான். காட்டுக்கு நடுவே ஓடும் பழைய கல் சுவர்களைக் காட்டினேன். ஒரு காலத்தில் இதெல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமும். குளிர்காலத்தில் தரை உறைந்து உறைந்து இளக, உள்ளேயிருக்கும் கல் ஒவ்வொரு வருடமும் மேலே வரும். உழுதவர்கள் அதைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினார்கள். பிறகு அவர்கள் விட்டுப் போக, காடு திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்க விவசாயத் துறையின் மண் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு மனைக்கும் ‘மிகுந்த கற்பாங்கு’ என்று போட்டிருந்தது. பயந்துவிட வேண்டாம். நிலப்பரப்பில் 0.1 முதல் 3 சதவீதம் வரை பெரிய கற்கள் மூடியிருந்தாலே அந்தப் பெயர்தான். வடிகால் என்ற இடத்தில் இரண்டுக்கும் ‘நன்றாக நீர் வடியும்’. வரைபடத்தோடு நிறுத்தியிருந்தால் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாக்ஸ்டனை வாங்கியிருப்போம்.

இடுப்பளவுக்குக் கீழே போனால்தான் வித்தியாசம் தெரியும். சுமார் 20,000 வருடங்களுக்கு முன் இந்தப் பகுதி முழுக்க, பனியுகத்தின் பிரம்மாண்டமான லாரன்டைட் பனிப்படலத்தின் அடியில் கிடந்தது. நகரும் பனி தன் வயிற்றுக்கு அடியில் பாறையையும் மண்ணையும் அரைத்து, தன் எடையாலேயே அழுத்திப் பூசிவிட்டுப் போன இடங்கள் உண்டு. அதுதான் பாக்ஸ்டனின் அடிமண். ரோடு ரோலர் ஏறியது போல் இருக்கும். பனி உருகும்போது, அதற்குள் மாட்டியிருந்த கல்லும் மணலும் பொலபொலவென்று இறங்கிய இடங்களும் உண்டு. அது சார்ல்டன், டிப்பர் லாரி கொட்டிவிட்டுப் போன மாதிரி. நகரும் பனி விட்டுப்போன, கவிழ்த்து வைத்த கரண்டி போல் நீண்ட, வழவழப்பான மேடுகளை ட்ரம்லின் என்கிறார்கள். பாஸ்டனில் உள்ள பங்கர் ஹில் அப்படி ஒன்று. பாக்ஸ்டன் அந்த மாதிரி மேடுகளில் நிறையக் கிடக்கும்.

பாக்ஸ்டனில் சுமார் 20 முதல் 40 அங்குலத்துக்குள் இந்த இறுகிய அடுக்கு வந்துவிடும். மேலே விழும் மழை அதுவரை சுகமாக இறங்குகிறது. அங்கே தட்டி நின்று, பக்கவாட்டில் சரிவைப் பார்த்து நகர்கிறது. பனி உருகும் மார்ச், ஏப்ரலில் அந்தத் தட்டின் மேல் தண்ணீர் தேங்கும். இதற்கான அடையாளம் மண்ணின் முறையான வகைப்பெயரிலேயே இருக்கிறது. பாக்ஸ்டன் ‘ஆக்ஸிஅக்விக்’ வகை: ஒரு மீட்டர் ஆழத்துக்குள் ஏதோ ஓர் அடுக்கு சாதாரண வருடத்தில் தொடர்ந்து 20 நாளாவது, அல்லது மொத்தமாக 30 நாளாவது நீரில் ஊறிக் கிடக்கும். சார்ல்டன் வெறும் ‘டிபிக்’, அதாவது அப்படி ஊறிக் கிடக்காத சாதாரண வகை. அப்படியானால் பாக்ஸ்டனை ஏன் நன்றாக வடியும் மண் என்கிறார்கள்? அந்தத் தண்ணீர் மேல்மண்ணுக்கு வந்து பயிரைக் கெடுப்பதில்லை, அதனால்தான். விவசாயிக்கு அது போதும். வீடு கட்டுகிறவனுக்குப் போதாது.

ஏனென்றால் இந்த ஊர்களில் பல இடங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவுநீர் செப்டிக் டேங்கில் தெளிந்து, மனைக்குள்ளேயே மண்ணில் வடிந்தாக வேண்டும். செப்டிக் அமைப்புகளுக்கான மாநிலத்தின் ‘டைட்டில் 5’ விதிப்படி, நீர் இறங்கும் படுகைக்கும் நிலத்தடி நீர் ஆண்டில் ஏறும் உச்ச மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 4 அடி இடைவெளி வேண்டும். மண் மிக வேகமாக உறிஞ்சினால் 5 அடி. கோடையில் குழி வெட்டி, “பாருங்கள், காய்ந்துதான் இருக்கிறது” என்று ஏமாற்ற முடியாது. உரிமம் பெற்ற மண் மதிப்பீட்டாளர் குழிக்குள் இறங்கி, பக்கச் சுவரில் துருப்பிடித்த ஆரஞ்சு புள்ளிகளும் சாம்பல் திட்டுகளும் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று பார்ப்பார். தண்ணீர் வருடா வருடம் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

பாக்ஸ்டன் மனையில் அந்தப் புள்ளிகள் இரண்டரை அடியிலேயே ஆரம்பித்தன. அதற்குக் கொஞ்சம் கீழே ஜேசிபியின் பல்லே கரகரவென்று வழுக்கியது. வந்த மண் கட்டி கட்டியாக, தட்டை தட்டையாக உடைந்தது. கட்டவே முடியாது என்று சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து மணல் அடித்து, மேடு கட்டி, அதன் மேல் படுகை அமைக்கிறார்கள். செலவு ஒரு பக்கம். வீட்டு முன்னால் ஆயுசுக்கும் ஒரு குன்று நிற்கும், அதுவும் மரம் வைக்கக் கூடாத குன்று. சார்ல்டன் மனையில் ஏழடிக்கு மேல் போயும் கல்லும் சரளையும்தான். புள்ளி இல்லை. ஊறல் சோதனையில் குழியில் ஊற்றிய தண்ணீர் 9 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு இறங்கும் நேரத்தைக் குறிப்பார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணிக்குள் முடிந்துவிட்டது. எங்கள் முடிவும் அங்கேயே முடிந்தது.

நிலவறைக்கும் இதே கணக்குதான். இறுகிய தட்டில் தோண்டி அஸ்திவாரம் போட்டால் தண்ணீருக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. சுற்றிலும் வடிகுழாய் போட்டு, சேரும் தண்ணீரை வெளியே தள்ள சம்ப் பம்பும் வைக்க வேண்டியிருக்கும்.

இனி பாக்ஸ்டனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே தட்டு, வறட்சியில் வரமாகிறது. இந்தப் பக்கத்தில் ஆப்பிள் தோட்டங்கள் பல பாக்ஸ்டன் மேடுகளில்தான் இருக்கின்றன. புல்லும் சோளமும் நன்றாக வரும். சார்ல்டனில் 2022 கோடை வறட்சியின்போது நான் நட்ட கன்றுகளில் பாதி கருகிப் போயின. மண்ணின் குறையா, நான் தண்ணீர் விட்ட லட்சணமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. முழுநேரத் தோட்டம் போடுகிறவர் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சார்ல்டனிலும் ஒரு பொறி உண்டு. வரைபடத்தில் அது பல இடங்களில் தனியாக வராது. ஹோலிஸ் என்ற மண்ணோடும் பாறைத் திட்டுகளோடும் கூட்டாக வரும். ஹோலிஸில் 10 முதல் 20 அங்குலத்திலேயே அடிப்பாறை. அங்கே வீடு வைத்தால் வெடி வைக்க வேண்டியதுதான். வரைபடத்தில் ஒரே நிறம் பூசியிருப்பதற்குள் இரண்டு மூன்று மண் ஒளிந்திருக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கடப்பாரையோடு நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். கல்லில் பட்டால் ‘ணங்’ என்று சத்தம் வரும், ஓர் அடி தள்ளிக் குத்தினால் இறங்கிவிடும். பாக்ஸ்டன் தட்டில் எங்கே குத்தினாலும் ஒரே ஆழத்தில் ‘தொப்’ என்று நிற்கும். காற்றில் சாய்ந்த மரம் கிடந்தால் வேரைப் பாருங்கள். தட்டு உள்ள இடத்தில் வேர் கீழே போக வழியில்லாமல் தோசைக்கல் போல் பரந்திருக்கும்.

எங்கள் மனையிலும் வடக்கு மூலையில் அந்த ‘தொப்’ கேட்கிறது. சின்னத் திட்டுதான், வரைபடத்தில் இல்லை. வீட்டையும் படுகையையும் அதிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, அங்கே இரண்டு ஆப்பிள் கன்று நட்டிருக்கிறேன். இன்னும் காய்க்கவில்லை.