தென்னைச் சிற்றுண்ணிக்கு எண்ணெய்க் கரைசலா, இரைகௌவியா?

நிலாவெளியில் எங்கள் வளவில் நிற்கும் 18 தென்னைகளில் தென்னைச் சிற்றுண்ணி என்னும் மிக நுண்ணிய உயிர் தாக்கிக் காய்கள் பழுப்பு வெடிப்புகளோடு சிறுத்துப்போனபோது, பாமெண்ணெயும் கந்தகமும் சவர்க்காரமும் கலந்த கரைசலைத் தெளிப்பதா, லுணுவிலயிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் பெருக்கி வழங்கும், அதைப் பிடித்துத் தின்னும் இரைகௌவிச் சிற்றுண்ணிகளை விடுவதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் தெளித்தேன், பின்னர் இரைகௌவிக்கு மாறினேன். இன்று அதன் பக்கமே சாய்கிறேன்.

கரைசலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பொருள்கள் கடையிலேயே கிடைக்கின்றன, பலனும் விரைவில் தெரிகிறது.

இரைகௌவியை விளங்கிக்கொள்ள ஒரு குரும்பையின் காம்புப் பக்கத் தொப்பியைக் கத்தியால் நெம்பி, கைவில்லையால் பார்க்க வேண்டும். வெள்ளை மாவு சிந்தியது போலத் தெரிவதுதான் தென்னைச் சிற்றுண்ணி. புழுவைப் போல நீண்ட அதன் உடலில் கால்கள் நான்கே. அவற்றினிடையே தட்டையான, பளபளப்பான உடலோடு விரைந்தோடுவதுதான் இரைகௌவி; அதன் அறிவியற் பெயர் நியோசியூலஸ் பராக்கி. முட்டையிலிருந்து ஆறு கால்களோடு வெளிவரும் குடம்பி, அணங்கு எனப்படும் இரண்டு இளம் பருவங்களைக் கடந்து, எட்டுக் கால்களுள்ள நிறைவுயிராக ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடுகிறது. இரையைக் குத்திச் சாற்றை உறிஞ்சுவதே அதன் உணவுமுறை. மகரந்தத்தையும் வேறு சிற்றுண்ணிகளையும் உண்ணக்கூடியது என்பதால், தென்னைச் சிற்றுண்ணி குறைந்த காலத்திலும் அது உடனே பட்டினியால் அழிந்துவிடுவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது மரமேறும் கூலிதான். தொப்பிக்கு அடியில் ஒளிந்திருக்கும் உயிரைக் கரைசல் எட்ட வேண்டுமானால் குலை குலையாக நனைக்க வேண்டும். புதுப் பாளைகள் வெடித்துப் புதிய குரும்பைகள் வந்துகொண்டேயிருப்பதால், சில மாதங்களில் மறுபடியும் அதே 18 மரங்களில் ஏறியாக வேண்டும். எங்கள் பகுதியில் தேங்காய் பிடுங்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில், மருந்தடிப்பதற்கென்று தனியாக ஒருவரை அழைத்தால் மரத்துக்கு இவ்வளவு என்று அவர் கேட்கும் தொகை காய் விற்ற காசைத் தின்றுவிடுகிறது. இரைகௌவிப் பொதிகளையோ, தேங்காய் பிடுங்க வந்தவரிடமே கொடுத்துச் சில மரங்களில் மட்டும் கட்டுவித்தேன். மற்ற மரங்களுக்குப் பரவுவதை அவற்றின் பொறுப்பில் விட்டாயிற்று.

குறைகளும் உண்டு. மெலிந்த தென்னைச் சிற்றுண்ணி நுழையும் இடுக்கில் இரைகௌவியால் உடனே நுழைய முடியாது. இடைவெளி சற்று அகன்ற பின்னரே அது உள்ளே போகிறது, அதற்குள் காயில் தழும்பு விழுந்துவிடுகிறது. கந்தகம் இரைகௌவியையும் தாக்கும் என்பதால் இரண்டையும் ஒரே மரத்தில் சேர்த்துச் செய்வது வீண். பொதி கட்டியபின் கச்சான் காற்று வீசும் ஒரேயொரு வறண்ட காலத்தைத்தான் கண்டிருக்கிறேன். அந்த வறட்சியில் வடு விழுந்த காய்கள் முன்னைவிடக் குறைவாகவே இருந்தன. ஆயினும் அவ்வாண்டு மாரி நன்றாகப் பெய்ததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கிணற்றடியில் தனியே நிற்கும் குட்டையான செவ்விளநீர் மரங்கள் இரண்டுக்கு மட்டும் இன்னும் கரைசலையே தெளிக்கிறேன். அவற்றுக்கு ஏணி போதும்.